கிராபிக்ஸ் கார்டு டிரைவர் சிக்கல்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

திரை திடீரென்று கறுத்துப் பிறகு வருகிறது. விளையாட்டு பாதியில் மூடிக்கொள்கிறது. காலையில் கணினியைப் போட்டால் எழுத்துகள் எல்லாம் பெரிதாகக் கிடக்கின்றன. திருகோணமலையில் இப்படியொரு கணினியோடு உதவி கேட்டு வருகிறவர்களில் பலர், வருவதற்கு முன்பே விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். குடும்பப் படங்களும் ஏ.எல் பாடக் குறிப்புகளும் போய்விட்டன, கோளாறு மட்டும் போகவில்லை.

டிரைவர் என்பது கிராபிக்ஸ் கார்டோடு விண்டோஸைப் பேச வைக்கும் மென்பொருள். அதன் சிக்கலைத் தீர்க்கும் வேலையில் வரிசைதான் எல்லாம். செலவில்லாததை முதலில் செய்யுங்கள். செய்ததைத் திரும்ப மாற்ற முடியாத வேலைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 போட்ட மேசைக் கணினிக்கானவை. மடிக்கணினிக்கு எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

1. கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள்

கணினியைப் போட்டவுடன் மதர்போர்ட் நிறுவனத்தின் சின்னம் தெரியும் அல்லவா, அந்த நேரத்திலேயே திரையில் கோடுகளோ நிறப் புள்ளிகளோ தெரிந்தால் அது டிரைவர் சிக்கல் அல்ல. விண்டோஸ் டிரைவர் அப்போது ஏற்றப்பட்டே இருக்காது. கார்டு, கேபிள், மொனிட்டர் மூன்றில் ஒன்றுதான் பிழை. நீங்கள் நேராக 3ஆம் படிக்குப் போகலாம். டிரைவரை எத்தனை தடவை மாற்றினாலும் பயன் இல்லை.

விண்டோஸ் வந்த பிறகுதான் கோளாறு என்றால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். பாரமான விளையாட்டிலோ வீடியோ எடிட்டிங்கிலோ மட்டும் வந்தால் டிரைவர், வெப்பம், மின்சாரம் மூன்றையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும்.

திரை கறுத்த உடனே பவர் பட்டனை அழுத்தாதீர்கள். முதலில் கீபோர்டிலுள்ள நம் லாக் (Num Lock) விசையைத் தட்டுங்கள். கீபோர்டில் விளக்கு மாறி எரிந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் சத்தத்தோடு கிராபிக்ஸ் டிரைவர் மீளத் தொடங்கும். படம் திரும்பி வந்தால், டிரைவர் தொங்கிப்போனது என்பதற்கு நல்ல தடயம் கிடைத்துவிட்டது. நம் லாக் விளக்கே மாறாவிட்டால் முழுக் கணினியும் உறைந்திருக்கிறது. அதன் காரணங்கள் 9ஆம் படியில் வரும்.

2. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, கணக்கின் கடவுச்சொல். தினமும் நான்கு இலக்கப் பின் எண்ணை அடித்து உள்ளே போகிறவர்களுக்குக் கடவுச்சொல் மறந்தே போயிருக்கும். சேஃப் மோடில், அதாவது விண்டோஸ் அடிப்படைக் கோப்புகளோடு மட்டும் ஏறும் நிலையில், அந்தப் பின் எண் பல நேரம் வேலை செய்யாது. நடு வேலையில் மாட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் மறைகுறியாக்கம் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். கணினி ஒழுங்காக இருக்கும்போதே அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, புதிய டிரைவர் கோப்பு முன்கூட்டியே பென் டிரைவில் இருக்க வேண்டும். பழையதை அழித்துவிட்டுப் புதியதைத் தேடப் போகாதீர்கள். இப்போதைய டிரைவர்கள் அரை ஜிபியைத் தாண்டுகின்றன. மொபைல் டேட்டாவில் எடுப்பவர்கள் இரவு டேட்டா உள்ள நேரத்தில் இறக்கி வைக்கலாம். என்ன டிரைவர் என்பதை 4ஆம் படி முடிந்த பிறகு தீர்மானியுங்கள்.

நான்காவது, மின்சாரம். டிரைவர் பதியும் நடுவில் கரண்ட் போனால் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கோப்புகள் கிடக்கும். யூபிஎஸ் இருந்தால் அதில் போட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் மழையும் இடியும் இல்லாத நாளாகப் பாருங்கள்; வாடைக்காற்றுக் காலத்தில் மாலை நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

கடைசியாக, சிஸ்டம் ரீஸ்டோரில் ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்கிக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் பிரதி எடுங்கள்.

3. கேபிள், தூசி, வெப்பம்

கணினிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். மொனிட்டர் கேபிள் கார்டில் கொழுவியிருக்கிறதா, மதர்போர்டில் கொழுவியிருக்கிறதா? துப்புரவு செய்த பிறகு கேபிளை மாறிக் கொழுவிவிட்டு, "கார்டு வேலை செய்யவில்லை, விளையாட்டு எல்லாம் இழுக்கிறது" என்று சொல்பவர்கள் ஏராளம். கார்டின் போர்ட்கள் கிடையாக, மதர்போர்டின் போர்ட்களுக்குக் கீழே தனியாக இருக்கும். கேபிள் அங்கேதான் போக வேண்டும்.

ஒலி தொடர்ந்து கேட்கும்போதே மொனிட்டர் சில வினாடிகள் கறுத்துத் திரும்புகிறது என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய மொனிட்டருக்காக எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் சிறு அடாப்டர் போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

அடுத்து வெப்பம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போய் ஜிபியூவைத் தெரிவு செய்தால் தனிக் கார்டின் வெப்பநிலை தெரியும். இதற்கு வேறு மென்பொருள் வேண்டியதில்லை. விளையாட்டை 20 நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். 70களில் நின்றால் கவலை இல்லை. 85ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், டிரைவரைத் தொடுவதற்கு முன் துப்புரவு செய்ய வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் அறையே கொதிக்கும். வாடைக் காலத்தில் ஒழுங்காக இருந்த கணினி கச்சான் காலத்தில் மட்டும் நின்று நின்று போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கடலுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் யன்னலைத் திறந்தே வைத்திருக்கும் வீடுகளில் உப்புக் காற்று உலோகத் தொடுமுனைகளில் படியும். கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேஸின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட்ட பிறகு கார்டைக் கழற்றுங்கள். ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள சிறு கொளுக்கியை விடுவிக்காமல் இழுத்தால் ஸ்லாட் உடையும். கார்டின் பொன்னிறப் பற்களை மெதுவான வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் துடைத்து, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துகள்களை எடுத்துவிடுங்கள். முழுவதும் காய்ந்த பிறகு, கொளுக்கி கிளிக் என்று விழும்வரை அழுத்திப் பூட்டுங்கள். புளோவரால் தூசி ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; காற்றில் வேகமாகச் சுற்றவிட்டால் அதன் அச்சு பழுதாகும்.

இந்தப் படியோடு பாதிப் பேருடைய சிக்கல் தீர்ந்துவிடுகிறது என்பது என் அனுபவம். அதனால்தான் இதை டிரைவருக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

4. கார்டின் உண்மையான பெயரைக் கண்டுபிடியுங்கள்

பெட்டியில் இருப்பதையோ விற்றவர் சொன்னதையோ நம்ப வேண்டாம். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்தால் வரும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறந்து, கார்டின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போங்கள். வென் (VEN) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 10டிஇ (10DE) இருந்தால் என்விடியா, 1002 இருந்தால் ஏஎம்டி, 8086 இருந்தால் இன்டெல். டிரைவரே இல்லாத கணினியிலும் இது தெரியும்.

மாதிரியைத் துல்லியமாக அறிய ஜிபியூ-இசட் என்ற இலவசச் சிறு மென்பொருள் போதும். பாவித்த கார்டு வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளின் பயோஸை (கார்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பது நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட கார்டில் அசல் டிரைவர் ஒன்றில் பதியாது, இல்லாவிட்டால் நீலத்திரை காட்டும். ஜிபியூ-இசட் அவற்றைப் போலி என்று வெளிப்படையாகவே காட்டிவிடும். ஆர்எக்ஸ் 580இலும் 2304 ஷேடர் (படத்தைக் கணிக்கும் சிறு அலகு) உள்ளது ஒன்று, 2048 உள்ளது இன்னொன்று. இரண்டுக்கும் டிரைவர் கிடைக்கும், ஆனால் வேகம் ஒன்றல்ல.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எல்லாக் கார்டுக்கும் புதிய டிரைவர் பொருந்தாது. என்விடியா ஃபெர்மி வகைக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 400, 500 வரிசைகளுக்கு, புதிய டிரைவர் தருவதை 2018இல் நிறுத்தியது. அதற்குக் கடைசி 391.35. கெப்லர் வகை, அதாவது ஜிடிஎக்ஸ் 600 வரிசையும் 700 வரிசையில் பெரும்பகுதியும், 2021இல் 470 கிளை என்ற பதிப்பு வரிசையோடு நின்றது. பிறகு வந்தவை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 900, 1000 வரிசைக் கார்டுகளுக்கு 580 கிளையே கடைசி. ஏஎம்டியும் ஆர்9 200, 300 வரிசைகளை 2021இல் பழையவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இதில் வடிவாகக் கவனிக்க வேண்டியது ஜிடி 730. பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் கார்டு. ஒரே பெயரில் ஃபெர்மியும் உண்டு, கெப்லரும் உண்டு. 96 கோர் உள்ளது ஃபெர்மி, 384 கோர் உள்ளது கெப்லர். நண்பருடைய ஜிடி 730இல் வேலை செய்த டிரைவர் உங்களுடையதில் பதியாமல் போவதற்குக் காரணம் அதுதான். ஜிபியூ-இசட்டில் கோர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

5. டிவைஸ் மேனேஜரின் எண்ணை வாசியுங்கள்

அதே ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்தின் முதல் பக்கத்தில் ஒரு நிலைச் செய்தி இருக்கும். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. 7ஆம் படிக்குப் போகலாம். கோட் 12 என்றால் கார்டுக்கு வேண்டிய வளங்களைக் கணினியால் ஒதுக்க முடியவில்லை. மதர்போர்ட் பயோஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். கோட் 43 என்றால் கார்டு ஏதோ பிழையைத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. 43ஐக் கண்டதும் கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், டிரைவர் குழப்பத்தாலும் அது வரும். முழுதாகத் துடைத்துப் போட்ட பிறகும் 43 நின்றால்தான் கார்டைக் குற்றம் சொல்லலாம்.

கார்டின் பெயருக்குப் பதில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால், விண்டோஸ் தன் கையிருப்பிலுள்ள எளிய டிரைவரில் ஓடுகிறது. எழுத்து பெரிதாகத் தெரிவதற்கு அதுவே காரணம்.

இன்னொரு இடமும் உண்டு. ஸ்டார்ட்டில் ரிலையபிலிட்டி என்று தேடினால் நாள்வாரியாகக் கோளாறுகளைச் சிவப்புக் குறியோடு காட்டும் பக்கம் வரும். ஈவென்ட் வியூவரைவிடப் புதியவர்களுக்கு இது எளிது. அதில் லைவ் கெர்னல் ஈவென்ட் 117, 141 என்று இருந்தால் கார்டு உரிய நேரத்தில் பதில் சொல்லவில்லை என்று பொருள். விண்டோஸ் சாதாரணமாக 2 வினாடி காத்திருந்து, பதில் வராவிட்டால் டிரைவரை மீளத் தொடக்கும். எந்தத் தேதியில் இது ஆரம்பித்தது என்று பாருங்கள். அதே நாளில் ஒரு டிரைவர் புதுப்பிப்பும் பதிவாகியிருந்தால் உங்கள் வேலை மிகவும் சுலபம்.

6. முந்திய டிரைவருக்குத் திரும்புங்கள்

புதுப்பித்த பிறகுதான் சிக்கல் என்று தெரிந்தால் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்துக்குப் போய் ரோல் பேக் டிரைவரை அழுத்தி, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து போடுவது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது முழு நிறுத்தம் அல்ல, பழைய நிலையின் ஒரு பகுதியை அப்படியே சேமித்துத் திரும்ப எடுக்கும்.

பட்டன் மங்கலாக இருந்தால் முந்திய டிரைவர் கைவசம் இல்லை. அடுத்த படிக்குப் போங்கள்.

7. முழுதாகத் துடைத்துத் திரும்பப் போடுங்கள்

டிரைவரைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளையும் தவிருங்கள். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து மட்டும் எடுங்கள். மடிக்கணினி என்றால் முதலில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள். அதில் இரண்டு கிராபிக்ஸ் இருப்பதால் இன்டெல் அல்லது ஏஎம்டியின் உள் கிராபிக்ஸ் டிரைவரை முதலிலும் தனிக் கார்டின் டிரைவரை அடுத்ததாகவும் போட வேண்டும்.

துடைப்பதற்கு டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கலாம். எல்லோரும் டிடியூ என்று சொல்வது இதைத்தான். ஏஎம்டிக்கு அந்த நிறுவனமே ஒரு துப்புரவுக் கருவி தருகிறது.

வரிசை இது. டிடியூவை விரித்து டெஸ்க்டாப்பில் வையுங்கள். இணையத்தைத் துண்டியுங்கள், லேன் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். இணையம் இருந்தால், நீங்கள் பழையதை அழித்த மறு நிமிடமே விண்டோஸ் தானாக ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். துடைத்தும் பயனில்லை என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில் தவறியவர்கள்.

பிறகு ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டை அழுத்துங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் 4. சேஃப் மோட் வரும். திரை கறுப்பாகவே இருப்பவர்கள், விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துவதை இரண்டு மூன்று தடவை செய்தால் மீட்புப் பக்கம் தானாக வரும். இந்த ஒரு இடத்தில் மட்டும் அப்படி நிறுத்தலாம்.

சேஃப் மோடில் டிடியூவைத் திறந்து, ஜிபியூ என்பதையும் நிறுவனத்தின் பெயரையும் தெரிவு செய்து, க்ளீன் அண்ட் ரீஸ்டார்ட்டை அழுத்துங்கள். கணினி திரும்ப வரும்போது எழுத்து பெரிதாக இருக்கும். அது சரிதான், பயப்பட வேண்டாம்.

இப்போது பென் டிரைவில் உள்ள டிரைவரைப் போடுங்கள். நடுவில் திரை சில வினாடிகள் முழுவதும் கறுக்கும், ஓரிரு தடவை மினுங்கும். கணினி தொங்கிவிட்டது என்று நினைத்துப் பவர் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். அழுத்தினால் திரும்பவும் முதலிலிருந்து துடைக்க வேண்டும். பத்து நிமிடமாவது பொறுத்திருங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, அதன் பிறகே இணையத்தை இணையுங்கள்.

எந்த டிரைவரைப் போடுவது? மிகப் புதியதுதான் நல்லது என்று இல்லை. வீட்டுக் கணினிக்கு, முன்பு ஒழுங்காக ஓடிய பதிப்பின் எண் தெரிந்தால் அதையே போடச் சொல்வேன். புதிய விளையாட்டு ஒன்று கேட்டால் மட்டும் மேலே போகலாம்.

8. மாற்றாமல் பாவித்துப் பாருங்கள்

எந்த வேலையின்போது முதலில் கோளாறு வந்ததோ அதே வேலையைச் செய்து பாருங்கள். வேறு விளையாட்டில் சோதிப்பது எதையும் நிரூபிக்காது. சில நாட்கள் எதையும் மாற்ற வேண்டாம். விண்டோஸ் மறுபடி தன் டிரைவரைப் போட்டுவிடாமல் இருக்க, அப்டேட் பக்கத்தில் அந்த நாட்களுக்குப் புதுப்பிப்பை இடைநிறுத்துங்கள்.

9. டிரைவரைத் தாண்டிய காரணங்கள்

துடைத்துப் போட்டும் கோளாறு நின்றபாடில்லை என்றால் டிரைவரை விட்டுவிடுங்கள். வேறு வேறு பதிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பது நேரத்தையும் டேட்டாவையும்தான் தின்னும்.

மின்சாரத்தைப் பாருங்கள். ஸ்லாட் வழியே கார்டுக்குக் கிடைப்பது 75 வாட். 6 முனை இணைப்பு இன்னொரு 75 வாட் தரும், 8 முனை 150 வாட் தரும். ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுக்கே 185 வாட் வேண்டும். கேஸோடு சேர்த்து வந்த மலிவான பவர் சப்ளை, பாரம் ஏறும் கணத்தில் தளர்ந்துவிடும். அதைச் சோதிக்க ஒரு வழி: ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்து, பவர் லிமிட்டையும் 80 வீதத்துக்கு இறக்கி அதே விளையாட்டை ஓட்டுங்கள். கோளாறு நின்றுவிட்டால் பவர் சப்ளையோ கார்டோ களைத்திருக்கிறது.

ராமுக்கு மதர்போர்ட் பயோஸில் எக்ஸ்எம்பி என்ற கூடிய வேகம் போட்டிருந்தால் அதை அணைத்துப் பாருங்கள். ராம் தடுமாறும்போதும் குற்றம் டிரைவர் மேலேயே விழும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் சிலவற்றில் நிலையின்மை இருப்பதை அந்த நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. அந்தக் கணினிகளில் விளையாட்டு, வீடியோ நினைவகம் போதவில்லை என்று செய்தி காட்டி மூடிக்கொள்ளும். கார்டுக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. மதர்போர்ட் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும்.

கிரிப்டோ மைனிங்கில் ஓடிய பாவித்த ஏஎம்டி கார்டில் பயோஸை மாற்றி எழுதியிருக்கலாம். அப்படியிருந்தால் ஏஎம்டியின் டிரைவர் அதை ஏற்க மறுக்கும். சில கார்டுகளின் ஓரத்தில் இரண்டு பயோஸுக்கான சிறு சுவிட்ச் இருக்கும். கணினியை நிறுத்தி அதை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். சுவிட்ச் இல்லாத கார்டில் அசல் பயோஸை எழுதுவது அனுபவம் உள்ளவருடைய வேலை.

10. கடைக்குக் கொண்டுபோவதானால்

கிண்ணியா, மூதூரிலிருந்து பஸ்ஸிலோ ஓட்டோவிலோ நகரத்துக்குக் கணினியைக் கொண்டு வருபவர்கள் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்து வாருங்கள். பாரமான கார்டு வழியில் குலுங்கி ஸ்லாட்டையே உடைத்துவிடும். மதர்போர்ட் வந்த நிலைமின் தடுப்புப் பையில் வைத்து, மேலே துணி சுற்றினால் போதும். வாரண்டி உள்ள கார்டின் திருகாணி மேல் ஸ்டிக்கர் இருந்தால் அதைக் கிழிக்காதீர்கள்.

திருத்துபவரிடம் "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாமல், கொப்பியில் எழுதியதைக் காட்டுங்கள்: கார்டின் உண்மையான மாதிரி, பிழை எண், எந்த டிரைவர் பதிப்பு, துடைத்தீர்களா இல்லையா, எத்தனை பாகை வெப்பம். அப்புறம் ஒன்று கேளுங்கள். உங்கள் கார்டை அவருடைய கணினியில் பூட்டி, உங்கள் டிரைவர் பதிப்பையே போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் அதே கோளாறு வந்தால் கார்டை மாற்றலாம். வராவிட்டால் கார்டுக்குப் பணம் கொடுக்காமல், அவரிடம் உள்ள நல்ல பவர் சப்ளை ஒன்றை உங்கள் கணினியில் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.